சுண்ணாம்பு தடவிய முட்டி

1

நான் இந்த நாட்டுக்கு வந்து போன வெள்ளிக்கிழமையோடு எட்டு வருடம். அன்று எங்கள் ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினார்கள். எனக்காக அல்ல, மதுவக் கலங்களுக்காக. அவை பிரியும்போது தங்கள் நிறமூர்த்தங்களை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று எங்கள் பேராசிரியர் எழுதிய கட்டுரையைப் பெரிய சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டதாம். பிளாஸ்ரிக் கோப்பைகளில் வைன் ஊற்றினார்கள். பேராசிரியர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். என் முறை வந்ததும் என் கையைப் பிடித்து உயர்த்தி, மதுவம் வளர்க்க இந்தக் கைகள் கூழ் வார்த்த தட்டுகள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைகளுக்கு மேலே ஒரு தலை இருக்கிறது, அது தாவரவியலில் சிறப்புப் பட்டம் வாங்கிய தலை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? கேக் வெட்டக் கத்தி எடுத்துவரச் சொன்னதும் என்னைத்தான்.

வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டு ஒரு வருடமாகிறது. அச்சுத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் யாழ்ப்பாணத்தில் நீங்கள் அச்சடிக்கும் சஞ்சிகை மூன்று நான்கு கை மாறி எனக்கு வந்து சேர்கிறது. அதில் மற்றவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். எல்லோரும் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். பனியைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கொட்லாந்தில் குளிர்கிறது, அவ்வளவுதான். இங்குள்ள நம் சனத்தைப் பற்றியும் அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடி, ஊரில் தாங்கள் விட்டுவந்த வளவின் பரப்பை ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்லி, வடை தின்றுவிட்டுக் கலைகிறார்கள். எல்லோருடைய வளவையும் கூட்டினால் குடாநாட்டுக்குள் அடங்காது.

ஆகவே மதுவத்தைப் பற்றி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

2

மதுவம் என்றால் வேறொன்றுமில்லை, பாண் மாவைப் பொங்கவைப்பதும் கள்ளை நுரைக்கவைப்பதும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கலம். அது பிரியும்போது நடுவால் பிளப்பதில்லை. பக்கத்தில் ஒரு அரும்பு விடுகிறது. அந்த அரும்பு பெருத்து மகட்கலமாகிறது. தாய்க்கலத்தின் கருவுக்குள் பதினாறு நிறமூர்த்தங்கள், பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள். ஒவ்வொன்றும் தன்னைப் போல் இன்னொன்றைச் செய்து, அதோடு ஒட்டியபடியே இருக்கும். பிறகு கருவின் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய நார்கள் புறப்பட்டு வந்து, ஒவ்வொரு சோடியையும் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும். இரண்டு பக்கமும் இழுவை விழுந்தால்தான் ஒட்டு விடும். ஒன்று தாய்க்கு, ஒன்று மகளுக்கு. பதினாறில் ஒரே ஒரு சோடியின் ஒரு பக்க நார் பிடிபடாமல் கிடந்தாலும், கலம் மற்ற எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். மூளை இல்லாத ஒரு பிராணிக்கு இவ்வளவு ஒழுங்கு.

இந்த ஒழுங்கை எங்கள் பேராசிரியருக்குப் பொறுக்க முடியவில்லை. அதைக் குலைத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஊரில் வெங்காயத்துக்கு அடிக்கும் பூஞ்சை மருந்து போன்ற ஒன்றை மதுவம் வளரும் ஊடகத்தில் கலக்கிறோம். நார்கள் கரைந்துபோகும். இழுக்க ஆளில்லாமல் கலம் காத்திருக்கும். ஒரு மணி, இரண்டு மணி, இன்னும் கூட. கடைசியில் அலுத்துப்போய், பிடிபடாத சோடியோடேயே பிரிந்துவிடும். அப்போது ஒரு கலத்துக்கு இரண்டும் போய்ச் சேரும். மற்றதற்கு ஒன்றும் இல்லை.

இதை எண்ணுவது என் வேலை. இல்லாமல் போனாலும் உயிர் வாழக்கூடிய ஒரு உபரி நிறமூர்த்தத்தை இவர்கள் கலத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதை இழந்த கலத்தின் சந்ததி தட்டில் சிவப்பாகத் தெரியும். வெள்ளைப் புள்ளிகளில் சிவப்புக் கீலங்கள். அவற்றை எட்டு வருடமாக எண்ணுகிறேன். கலத்துக்கே உரிய அந்தப் பதினாறில் ஒன்றை இழந்தது செத்துவிடும். அது தட்டில் முளைக்காது, ஆகவே எண்ணிக்கையிலும் வராது.

ஒரு கலம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று அறிய இவர்கள் இரவு பகலாக நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். தலையை நிமிர்த்தியிருந்தால் நான் நிற்பது தெரிந்திருக்கும்.

3

என் கணவரும் நானும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் செய்முறை உதவியாளர்களாக இருந்தவர்கள். எண்பத்து நான்கில், எங்கள் மகள் துளசி கைக்குழந்தையாக இருந்தபோது, அவருக்கு ஒரு யோசனை வந்தது. உலகத்தில் வைன் மதுவத்துக்குப் பெயர் இருக்கிறது, பியர் மதுவத்துக்குப் பெயர் இருக்கிறது, எங்கள் பனங்கள்ளில் இருக்கும் மதுவத்தை ஒருவரும் பிரித்துப் பெயர் வைக்கவில்லை, நாங்கள் செய்வோம் என்றார். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கள்ளு வேண்டுமே. என் தகப்பனார் தெல்லிப்பழையில் கோயில் தர்மகர்த்தா. கணவரின் வீட்டில் கள்ளு என்ற சொல்லையே சொல்லமாட்டார்கள், "அது" என்பார்கள். இந்த லட்சணத்தில் இரண்டு பேரும் சைக்கிளில் மருதனார்மடத்துக்குப் போய், பனையில் சீவல் தொழில் செய்யும் ஒருவரின் வீட்டு வாசலில் நின்றோம். வீட்டுக்காரர் மரத்தில் நின்றார். மனைவி அன்னமுத்து வெளியே வந்தார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வளாகத்தில் ஒரு ஆராய்ச்சிக்கு, பனையில் இறக்கியது கொஞ்சம், நல்லதாக, துப்புரவாக வேண்டும் என்றார். கள்ளு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. கிழமைக்கு ஒரு மண்முட்டி நிறையத் தருவதாக அன்னமுத்து சொன்னார்.

முட்டி வந்தது. வாழையிலையால் வாய் கட்டி, துணியால் வடித்து, கோயிலுக்குக் கொடுப்பது போலக் கொடுத்தார்கள். நாங்கள் தட்டில் பூசினோம். ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. மூன்றாம் கிழமை என் கணவர், நான் தீயில் காட்டிய கம்பியை ஆறவிடாமல் சூட்டோடு தொட்டு மதுவத்தைச் சாகடிக்கிறேன் என்று என்னைக் குற்றம் சொன்னார். நான் அவர் ஊடகத்தில் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். இரண்டு பட்டதாரிகளும் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை.

நான்காவது முட்டி வந்தபோது நான் யாரும் பார்க்காமல் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். தேன் மாதிரி இனித்தது. கள்ளல்ல, புளிக்காத கருப்பநீர். முட்டியின் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு தடவினால் மதுவம் பிழைக்காது, பனஞ்சாறு புளிக்காது. இது அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

திரும்பவும் சைக்கிளில் போனோம். அன்னமுத்து முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. எங்களுக்காக வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

"நீங்கள் படிச்ச ஆக்கள். துப்புரவாய் வேணுமெண்டு கேட்டியள். உங்களுக்குப் போய்க் கள்ளுத் தருவமோ பிள்ளை? மற்ற ஆக்களுக்கு ஒருக்கால் தடவிறது, உங்களுக்கெண்டு மூண்டு தரம் தடவினது." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "வேணுமெண்டதைச் சொன்னால்தானே பிள்ளை தரலாம்."

அதற்குப் பிறகு கள்ளு என்றே கேட்டோம், கள்ளே கிடைத்தது. இரண்டு வருடத்தில் பதினொரு இடத்துக் கள்ளிலிருந்து பதினொரு மதுவ இனங்களைப் பிரித்தோம். என் கணவர் அவற்றுக்கு ஊர்ப் பெயர்களையே வைத்தார்.

4

எண்பத்தாறில் எனக்கு இங்கே ஒரு வருடப் பயிற்சி கிடைத்தது. மூன்று வயதுத் துளசியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பதினொரு மதுவத்தையும் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் வருவதாக அவர் சொன்னார். பயிற்சி முடிந்தது. ஊர் நிலவரம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரும்பி வராதே என்று எல்லோரும் எழுதினார்கள். அவரும் எழுதினார். தட்டு வார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, நான் நின்றுவிட்டேன்.

பொறுப்பான ஆள் மட்டும் கிடைக்கவே இல்லை. ஒருவர் கனடா போய்விட்டார். ஒருவருக்குக் கை சுத்தம் போதாது. தொண்ணூறில் யுத்தத்தால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது, குளிர்சாதனப்பெட்டி இல்லாமல் மதுவத்தை எப்படி உயிரோடு வைத்திருக்கிறார் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதினார். குருநகர்ப் பெண்கள் சந்தையில் விற்கும் கடற்பாசியைக் காய்ச்சி வடித்துக் கூழாக்குகிறார். பனங்கட்டி கரைத்துச் சேர்க்கிறார். விறகடுப்பில் பிறஷர் குக்கர் வைத்துக் கிருமி நீக்குகிறார். கிழமைக்கொரு தரம் பதினொன்றையும் புதுக் குழாய்க்கு மாற்றுகிறார். விமானம் சுற்றும்போது குழாய்களை ஒரு ஓலைக் கடகத்தில் வைத்துப் பதுங்குகுழிக்குள் கொண்டுபோகிறார்.

இங்குள்ள நம் சனத்திடம் இதைச் சொன்னால் கண் கலங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்சாதியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கள்ளு நுரைக்குக் காவல் இருக்கும் ஒரு மனிதன். மதுவத்தைப் பாலில் கலந்து, வடிதாளில் ஒற்றி, உலர்த்தி, ஈயத்தாளில் மடித்து வைத்தால் குளிரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், வருடக்கணக்கில் கிடக்கும். அதை நான் ஐந்து தரம் எழுதினேன். ஊர்க் காற்றில் ஈரம் கூடுதல், அதை நம்ப முடியாது என்று ஐந்து தரமும் பதில் வந்தது. ஈரமாம். அந்த மனிதர் எனக்கே அந்த முறையைக் காட்டித் தந்தவர்.

துளசிக்கு இப்போது பதினொரு வயது. வகுப்பில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். மதுவம் வளர்க்கிறார் என்றாளாம். பேக்கரி வைத்திருக்கிறாரா என்று ஆசிரியை கேட்க, ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். உண்மையைச் சொல்லப் போனால் நீண்டுபோகும் என்றாள், இந்த ஊர் மொழியில். தமிழில் கேட்டால் அவள் பதில் அந்த மொழியில்தான் வரும். அவளைக் குறை சொல்லி என்ன? தமிழில் அவளோடு கதைக்க வீட்டில் நான் ஒருத்தி மட்டும். நானும் பெரும்பாலும் குளி, சாப்பிடு, படு என்றுதான் கதைக்கிறேன்.

5

மூன்று மாதத்துக்கு முன்னர் குடிவரவு அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கணவரை இங்கே அழைக்க நான் கொடுத்த விண்ணப்பம் பல வருடமாகக் கிடக்கிறது. மேசைக்கு அப்பால் இருந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மீசை முளைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மணவாழ்க்கை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்டான். எட்டு வருடக் கடிதங்களையும் கட்டாகக் கொடுத்தேன். மொழிபெயர்க்க அனுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டபோது அவன் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டதாகவும், ஊடகத்தில் எவ்வளவு சர்க்கரை போடுவது என்பது இப்போது தனக்கே தெரியும் என்றும், ஆனால் இவற்றை எழுதியவர் ஒரு கணவர் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை என்றும் சொன்னான். ஒரே வேலையில் இருக்கும் இரண்டு பேர் எழுதிக்கொண்டவை போல இருக்கின்றன என்றான். இந்த மாத முடிவுக்குள் வேறு ஆதாரமும், புதிதாக நிரப்பிய படிவமும் வராவிட்டால் விண்ணப்பக் கோவை மூடப்படும்.

அவனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நம் ஆட்கள் பெண்சாதிக்குக் காதல் கடிதம் எழுதுவதில்லை, எங்களுக்குள் அது வழக்கமில்லை, இந்த மீசை முளைக்காதவனுக்கு என்ன தெரியும் என்று பேருந்தில் வழி முழுவதும் எனக்குள் கதைத்தேன். வீட்டில் கடிதங்களின் பிரதிகளை எடுத்து ஒருமுறை வாசித்தேன். அவன் சொன்னது சரி.

அன்றே கணவருக்கு எழுதினேன். அலுவலகம் கேட்கிறது, கணவன் எழுதுவது போல ஒரு கடிதம் தேவைப்படுகிறது, ஆகவே தயவுசெய்து அப்படி ஒன்று எழுதி அனுப்புங்கோ என்று. என்ன எழுதியிருக்கிறேன் பாருங்கள். அலுவலகம் கேட்கிறதாம்.

6

பதில் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது, கேக் வெட்டிய அன்று. குடாநாட்டிலிருந்து கிளாலிக் கடலைத் தோணியில் கடந்து போன யாரோ ஒருவர் கொழும்பில் தபாலில் போட்டிருந்தார். உறை தடிப்பாக இருந்தது. உள்ளே ஒட்டிய கடிதம் ஒன்று, கூடவே சிகரெட் பெட்டி ஈயத்தாளில் மடித்த சிறு பொட்டலங்கள். எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர். வடிதாளில் உலர்த்திய மதுவம்.

கடிதத்தை உடைக்கவில்லை. மற்றவர்கள் வைன் குடித்துக்கொண்டிருக்க, நான் மூலையில் பதினொரு கடதாசித் துண்டுகளையும் பதினொரு தட்டில் வைத்தேன். ஊர் ஈரத்தில் அவை செத்திருக்கவேண்டும் என்று மனதார விரும்பினேன். செத்திருந்தால் அவர் இத்தனை வருடம் சொன்னது உண்மையாகிவிடும், நான் வாய் மூடலாம்.

ஞாயிற்றுக்கிழமை துளசியையும் கூட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். பதினொன்றும் முளைத்திருந்தன. வெள்ளையாக, கொழுகொழுவென்று. துளசி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு எனக்கும் அந்த மணம் வந்தது. "அப்பாவுக்கு இனி அங்கை வேலை இல்லைத்தானே," என்றாள். தமிழில் சொன்னாள். "அப்ப ஏன் வரேல்லை?"

கடிதத்தை அங்கேயே உடைத்தேன். எப்போதும் அச்சுத் தமிழில் எழுதும் மனிதர், இதை மட்டும் முன்னால் இருந்து கதைப்பது போல எழுதியிருந்தார்.

"உம்முடைய மதுவம் பதினொண்டும் இதுக்குள்ளை இருக்கு. கடதாசியிலை உலர்த்தினால் காணும் எண்டு எனக்கு எப்பவும் தெரியும். இவ்வளவு வருஷமும் சாட்டுச் சொன்னனான். நான் வரமாட்டன். உயிருக்குப் பயந்து சொல்லேல்லை, உயிருக்குப் பயந்திருந்தால் எப்பவோ வந்திருப்பன். தட்டுக் கழுவவும் எனக்கு வெக்கமில்லை. துளசிக்கு முன்னாலை போய், நான்தான் அப்பா எண்டு நிக்கத்தான் பயம். பிள்ளை ஆரோ ஒரு ஆளைப் பாக்கிற மாதிரிப் பாக்கும். உம்முடைய பச்சைச் சீலை ஒண்டு இஞ்சை கிடக்கு. இடம்பெயர்ந்த நேரமெல்லாம் குழாய்க் கடகத்துக்குள்ளை அதையும் வைச்சுக் கொண்டுபோனனான். நீர் ஒருநாளும் வாருங்கோ எண்டு எழுதேல்லை. நான் எதிர்பாத்தனான். அதுவும் ஒரு சாட்டுத்தான் எண்டு வைச்சுக்கொள்ளும்."

இதுதான் கடிதம். மீசை முளைக்காதவன் கேட்ட ஆதாரம் முழுவதும் இதில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இவர் என் கணவர்தான் என்று உடனே நம்புவான். வரமாட்டேன் என்று எழுதியிருப்பதையும் வாசித்துவிட்டுக் கோவையை மூடுவான்.

அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று துளசி கேட்டாள். உனக்குப் பயந்துபோய் இருக்கிறார் என்றேன். அவள் தட்டைத் திரும்ப மூடிவிட்டு, தனக்கும் அவரிடம் பயம்தான் என்றாள்.

7

திங்கட்கிழமை பேராசிரியர் என் தட்டுகளைப் பார்த்துவிட்டார். எங்கள் அறைக்குள் வெளி மதுவம் நுழைந்துவிட்டதா என்று பதறினார். என்னுடையவை, என் கணவர் அனுப்பியவை என்றேன். கணவருக்கு மதுவம் தெரியுமா என்று கேட்டார். எட்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம். அவருக்கு அது இன்றுதான் தெரியவந்தது. ஆனால் நான் எப்போதாவது சொன்னேனா? அதையும் யோசித்துப் பார்த்தேன். அவரையே எத்தனை நாள் குற்றம் சொல்வது?

என் கணவரை எட்டு வருடமாக மனதுக்குள் கோழை என்று வைதுகொண்டிருந்தேன். கள்ளுக் காவல்காரன் என்றேன். நான் எழுதிய கடிதங்களின் பிரதிகள் என்னிடமே இருக்கின்றன. பொறுப்பான ஆள் கிடைத்தாரா என்று கேட்டிருக்கிறேன். உலர்த்தும் முறையை விளக்கியிருக்கிறேன். துளசியின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் எழுதியிருக்கிறேன். அவர் எதிர்பார்த்த அந்த ஒரு சொல் எங்கும் இல்லை. ஒரு பெண் வாய்விட்டுக் கேட்பதா, அவருக்கே தெரியவேண்டாமா என்று இருந்துவிட்டேன். எங்கள் வளர்ப்பு அது. இரண்டு பேரும் முட்டிக்கு மூன்று தரம் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, ஏன் முளைக்கவில்லை என்று ஆளை ஆள் குற்றம் சொல்லியிருக்கிறோம். அவர் தன் பங்குக்குச் சுண்ணாம்பைக் கழுவிவிட்டார். நான் இன்னும் இல்லை.

இந்தக் கிழமை மூன்று கடிதம் எழுதத் தொடங்கினேன். மூன்றும் பதினொரு தட்டும் எப்படி முளைத்தன என்பதில் போய் முடிந்தன. கிழித்துப் போட்டேன். என்னை நம்பிக் கடிதம் எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆகவேதான் உங்களுக்கு எழுதுகிறேன். வரும் கிழமை கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் சஞ்சிகையைத் திருநெல்வேலிச் சந்தைக் கடையில் வாங்கி, பென்சிலால் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டே கடைசிப் பக்கம்வரை வாசிக்கும் ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்தையும் விடமாட்டார்.

படிவத்தை நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மணவாழ்க்கை தொடர்கிறதா என்ற கேள்விக்கு நேரே ஆம் என்று குறியிட்டேன். ஆதாரம் எங்கே என்று அவன் கேட்டான். வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

மற்ற வாசகர்கள் மன்னிக்கவேண்டும், இனி வருவது ஒருவருக்கு மட்டும். துளசி உங்களை ஆரோ ஒரு ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், நானும் அப்படித்தான் பார்ப்பேன். பச்சைச் சீலையை எடுத்துக்கொண்டு வாருங்கோ.